முடிப்பொலி

வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். நடந்தால் காலடி கேட்காது. பறவை ஆராய்ச்சி என்று காட்டுக்குக் கிளம்பியபோது அக்காவின் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூனை பறவையத் தேடிப் போகுது. இதுக்கு உதவித்தொகை வேற தர்றாங்களா?"

ஐந்து வருடம் பறவையைத் தேடினாள். பட்டம் வாங்கினாள். பிறகு வேலை தேடினாள். பறவையே தேவலாம் என்று ஆகிவிட்டது.

முனைவர் பட்டத்துக்கு அடுத்த படிக்கு போஸ்ட்டாக் என்று பெயர். அது படிப்பும் அல்ல, நிரந்தர வேலையும் அல்ல. எங்காவது ஒரு பேராசிரியரிடம் ஏதாவது ஓர் ஆராய்ச்சிக்கு நிதி இருக்கும். நிதி இருக்கும்வரை அவரிடம் வேலை இருக்கும். இதை அத்தானுக்கு விளக்கிச் சொன்னாள்.

"டாக்டருக்கு அப்புறம் போஸ்ட்டா? எனக்குத் தெரிஞ்சு போஸ்ட்மார்ட்டம்தான்."

முகம் தெரியாத பேராசிரியர்களுக்கெல்லாம் எழுதினாள். ஒருவர் நிதி இல்லை என்றார். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொன்னார். ஒருவர் வாழ்த்துகள் என்று எழுதினார், எதற்கென்று எழுதவில்லை. மற்றவர்களுக்குப் போட்டது கிணற்றில் போட்ட கல். ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள். அக்கா மகளின் கட்டிலில் பாதி அவளுக்கு. அந்தப் பாதியிலும் அக்கா மகளின் கால் கிடக்கும்.

இந்த வேலைகளுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பம் போடவே முடியாது.

அந்த நிலையில்தான் விளம்பரம் வந்தது. தரையில் வாழும் அரிய காட்டுப் பறவை ஒன்றைப் பற்றிய ஆய்வு. ஒலிப்பதிவில் அனுபவம் வேண்டும். மூன்று ஆண்டுப் பணி. இடம், தேர்வானவருக்கு மட்டும் தெரிவிக்கப்படும்.

அக்கா கைபேசியை வாங்கிப் படித்தாள். "உன் மூஞ்சியப் பாத்து எழுதின மாதிரி இருக்கேடி."

உண்மைதான். அது அவளுடைய பறவை.

சருகு நிறத்தில் இருக்கும். சருகுக்குள்ளேயே நடக்கும். அரை நூற்றாண்டாக யாரும் கண்ணால் பார்த்ததில்லை. குரலைக் கேட்டவர்களும் மிகச் சிலர். கடைசியாகக் கேட்டவர், அந்த விளம்பரத்தைக் கொடுத்த துறைத் தலைவர். அது நடந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. பதிவு செய்ததாகவும் எழுதியிருந்தார். ஆனால் பதிவை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டார்கள். அரிய பறவையின் குரல் கண்ணி வைப்பவர்கள் கையில் கிடைத்தால், அதையே போட்டுப் பறவையை வரவழைத்துப் பிடித்துவிடுவார்கள். அதனால் குரலையும் மறைப்பார்கள், காட்டின் பெயரையும் மறைப்பார்கள். அவளும் மறைத்தாள். அவளுடைய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் மூன்று வருடத்துக்குப் பூட்டி வைத்திருந்தது. அதில்கூட ஊர் பேர் கிடையாது. 'ஒரு மலைக்காடு' என்று இருக்கும்.

செத்து ஒழிந்தது என்று எழுதிவிட்ட அந்தப் பறவையை அவள் கண்டுபிடித்திருந்தாள். மரங்களில் ரெக்கார்டர்களைக் கட்டித் தொங்கவிட்டாள். அவை தாமாகவே பதிவு செய்யும். மூன்று பருவங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட முறை குரல் விழுந்திருந்தது. எல்லாமே ஒரே குரல். ஒரே ஒரு பறவைதான் மிச்சம் இருக்கிறது, அது துணை தேடிக் கூப்பிடுகிறது என்று எழுதினாள். அந்த வரியை எழுதியபோது விசைப்பலகை கலங்கித் தெரிந்தது.

பழைய குறிப்புகளில் அதன் குரல் நான்கு விசில். அவளுடைய பதிவில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. குட்டையான, வறண்ட ஓர் ஒலி. அதற்கு முடிப்பொலி என்று பெயர் வைத்தாள். அதைப் பற்றி ஓர் இயல் முழுக்க எழுதினாள். அந்த இயலுக்குத்தான் பரிசு கிடைத்தது.

அழைப்பு வந்தது. ஒரே ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

பல்கலைக்கழக வாசலில் அலுவலக ஒருங்கிணைப்பாளர் காத்திருந்தார். கழுத்தில் சாவிக்கொத்து தொங்கியது. நடந்துகொண்டே பேசும் பெண்மணி.

"முதல்ல நீங்க பேசணும் மேடம். துறையில எல்லாரும் வருவாங்க. அப்புறம் சார் ரூம்ல ஒரு பேச்சு. சும்மா பேருக்குத்தான். நாற்காலி மேசையெல்லாம் போட்டாச்சு உங்களுக்கு. ஜன்னல் பக்கம் புடிக்கும்ல?"

"புடிக்கும்."

"பயப்படாதீங்க. வேற யாரையும் கூப்பிடவே இல்ல."

அரங்கம் சிறியது. குளிர்ச்சாதனம் சத்தம் போட்டது. முதல் வரிசையில் துறைத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்தில் புள்ளியியல்காரர். எண் இல்லாமல் யாராவது பேசினால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் மனிதர். பின்னால் மாணவர்கள்.

நன்றாகத்தான் பேசினாள். குரல் நடுங்கவில்லை. கருவிகள், மழை, குரங்குகள் கடித்த கம்பிகள். இரண்டு இடங்களில் சிரித்தார்கள். புள்ளியியல்காரர்கூட உள்ளே பார்த்தார்.

"இப்ப அதோட குரலக் கேளுங்க" என்றாள். விளக்கை அணைக்கச் சொன்னாள்.

நான்கு விசில். ஒன்றைவிட ஒன்று கீழே இறங்கியது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு முடிப்பொலி.

விளக்கைப் போடச் சொன்னாள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் துறைத் தலைவர்.

போட்டாள்.

"சத்தத்தக் கூட்டி, அந்தக் கடைசிய மட்டும்."

அவளுக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சி. மீன் தூண்டிலில் விழுந்துவிட்டது. "இதுதான் சார் முடிப்பொலி. இதுக்கு முன்னாடி யாரும் இத கவனிச்சதில்ல. கூப்பிட்டு முடிச்சதும், 'நான் இங்கதான் இருக்கேன்'னு இடத்தக் காட்டறதுக்காக..."

"அது நான்."

"சார்?"

"அந்தக் கடைசி சத்தம். அது நான் இருமறது. அந்த வாரம் எனக்கு சளி."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சம்மணத்தைப் பிரித்து எழுந்தார். வெறுங்காலோடு மேடைக்கு வந்தார். தன் கைபேசியில் எதையோ தேடி எடுத்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

நான்கு விசில். ஒன்றைவிட ஒன்று கீழே. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மனிதன் இருமும் சத்தம். அவளுடைய பதிவைவிடத் துல்லியமாக இருந்தது.

சிரிப்பு நின்றது.

அவளுக்கு முதலில் தோன்றியது மடத்தனமான ஓர் எண்ணம். இவருக்கு அந்தப் பறவை மாதிரியே இரும வருகிறதே என்று நினைத்தாள். பிறகுதான் தரை நழுவியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேசைக்குச் சக்கரம் இருந்தது. அதுவும் நகர்ந்தது.

அவர் அவள் காதருகே குனிந்தார். காட்டின் பெயரைச் சபையில் சொல்வதில்லை. அந்த நேரத்திலும் அவர் அதை மறக்கவில்லை. "எந்தக் காடு?"

அவள் மெல்லச் சொன்னாள்.

அவர் கண்ணை மூடினார். "மலைக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம்."

"நான் மேற்குப் பக்கம். மூணு பருவமா ஸ்பீக்கர் வச்சு என் பழைய பதிவப் போட்டுக்கிட்டிருந்தேன். ஏதாவது பதில் சொல்லுமான்னு. உச்சிக்கு அந்தப் பக்கம் வேற வனக்கோட்டம். எனக்கு அனுமதி கிடையாது."

"எனக்கு உங்க பக்கம் கிடையாது சார்."

புள்ளியியல்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "எழுபது பதிவும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருந்திருக்குமே. உங்களுக்குத் தோணலையா?"

"ஒரே பறவைதான் மிச்சம்னு நினைச்சேன்."

பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"போய் டீ குடிங்க எல்லாரும்" என்றார் துறைத் தலைவர்.

கழிப்பறையில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"பேசி முடிச்சிட்டியா? என்ன சொன்னாங்க?"

"அக்கா, அந்தப் பறவை ஒரு ஆளு."

"என்னது?"

"பறவை இல்லக்கா. ஒரு சார்."

"எந்த சார்? ஏய் பூனை, காலைல ஏதாவது சாப்பிட்டியா இல்லையா? உக்காரு முதல்ல. உக்காந்துட்டியா?"

"உக்கார இடமில்ல. கழிப்பறையில நிக்கிறேன்."

"வேலை?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. இப்போது யோசித்தாள். முடிப்பொலி போனது. கடைசிப் பறவை போனது. ஆய்வேடு போனது. பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களா? தெரியவில்லை. அப்படி ஒருவருக்கு நடந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. அவருடைய இருமலை அவரிடமே விற்க வந்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

"அப்புறம் பேசறேன்க்கா."

துறைத் தலைவரின் அறை நிறையப் பழைய கூடுகள். உடைந்த முட்டை ஓடுகள் பஞ்சில் இருந்தன. அவர் நாற்காலியில் மறுபடியும் சம்மணம் போட்டிருந்தார். புள்ளியியல்காரர் ஜன்னலோரம் நின்றார்.

"உக்காருங்க. நடந்தது நடந்துபோச்சு. உங்க ஆய்வேடு அவ்வளவுதான். அத நீங்களே எழுதித் திருத்தணும். சீக்கிரம் எழுதிடுங்க. அடுத்தவன் எழுதினா காதுல ரத்தம் வரும்."

"சரி சார்."

"இப்ப நான் சொல்றதக் கேளுங்க. வேலை உங்களுக்குத்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புள்ளியியல்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? அஞ்சு வருஷம் உக்காந்து என் இருமல மில்லிசெகண்ட் சுத்தமா அளந்திருக்காங்க. எங்க டாக்டர்கூட அப்படிப் பாத்ததில்ல. இந்தப் பொறுமை யாருக்கு வரும்? ஆள் சரி. பறவைதான் தப்பு."

"பறவையே இல்லையே சார்" என்றாள்.

"இருக்கு." அவர் குரல் இறங்கியது. "உங்களுக்கு வந்தது நான். ஆனா எனக்கு வந்தது நான் இல்லையே. எனக்குப் பதில் வந்துது. இந்த நிதியே அதுக்காகக் குடுத்ததுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், முதல் மழைக்கு முன்னாடி. சாயங்காலம். ஒரு தடவ போட்டேன். கிழக்கேயிருந்து பதில். திரும்பப் போட்டேன். திரும்பப் பதில். நான் கூப்பிடக் கூப்பிட அது சொல்லிக்கிட்டே இருந்துது. இருட்டற வரைக்கும். உச்சி வரைக்கும் ஓடினேன். என் கைபேசியிலதான் பதிவு பண்ணேன். கருவியத் திறக்க நேரமில்ல. நான் அன்னிக்கு ஒரு கல்லு மேல உக்காந்து அழுதேன். வெக்கமில்லாம சொல்றேன்."

அந்த மாலை அவளுக்கும் தெரியும். முதல் மழைக்கு முன்னால். ஒரு வாரம் மட்டும் அவளும் ஸ்பீக்கர் வைத்தாள். ஓர் அருங்காட்சியகத்திலிருந்து கடன் வாங்கிய பழைய நாடாவின் பிரதி. போட்டதும் மேற்கேயிருந்து பதில் வந்தது. போடப் போட வந்தது. தனியாக இருந்த பறவை, துணை கிடைத்துவிட்டதாக நினைத்து எவ்வளவு சந்தோஷப்படுகிறது, பொய் சொல்லிவிட்டோமே என்று தோன்றி, ஸ்பீக்கரை அணைத்தாள். அணைத்துவிட்டு அவளும் அழுதாள்.

"சார், அந்தப் பதிலக் கேக்கலாமா?"

"நல்லா கேளுங்க. இனிமே அது உங்க வேலைதானே."

கைபேசியை மேசையில் வைத்தார். காற்று. பூச்சிகள். தூரத்தில் நான்கு விசில். டக். நான்கு விசில். டக். நான்கு விசில்.

அந்த நாடாவில் ஒரே ஒரு கூப்பிடல்தான் இருந்தது. அதை அவள் மூன்றாக நகலெடுத்து ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் டக் என்று ஒரு சத்தம் விழுந்தது. எவ்வளவு முயன்றும் போகவில்லை. பறவை அதையெல்லாம் கண்டுகொள்ளாது என்று அவளுடைய நெறியாளர் சொன்னார். பறவை கண்டுகொண்டதோ இல்லையோ, துறைத் தலைவர் கண்டுகொள்ளவில்லை.

"எப்படி?" என்றார் அவர். முகம் சின்னப் பையன் முகம்போல் இருந்தது.

"எப்ப சேர முடியும் உங்களால?" என்றார் புள்ளியியல்காரர். இப்போது அவரும் இறங்கி வந்துவிட்டார். "வயசு வரம்பு இருக்கு. இந்த வாரமே சேந்துட்டா நல்லது."

பேசாமல் இருந்தால் போதும். பொய் சொல்லக்கூட வேண்டாம். 'திங்கட்கிழமை' என்று ஒரு வார்த்தை. மூன்று வருடம். ஜன்னல் பக்க மேசை. சொந்தமாக ஒரு முழுக் கட்டில். பிறகு எப்போதாவது யாராவது கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்காமலும் போகலாம். கிழக்குப் பக்கம் யார் இருந்தார்கள் என்று கேட்க அந்த மலையில் ஆளே கிடையாது.

'திங்கட்கிழமை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சார், நடுவுல ஒரு 'டக்' கேக்குதே."

"ஏதாவது காய் விழுந்திருக்கும்."

"ரெண்டு தடவ விழுது சார். ஒரே இடைவெளியில."

அவர் மறுபடியும் போட்டார். டக். டக்.

அவள் தன் மடிக்கணினியைத் திறந்தாள். கோப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. போட்டாள். காற்று இல்லை, பூச்சிகள் இல்லை. மற்றபடி அதுவேதான். நான்கு விசில். டக். நான்கு விசில். டக். நான்கு விசில்.

துறைத் தலைவர் காலைக் கீழே போட்டார். செருப்பைக் காலால் தேடினார். அது எட்ட இருந்தது.

"நீங்க போட்டதுக்கு நான் பதில் போட்டேன்."

"ஆமா சார்."

"நான் போட்டதுக்கு நீங்க."

"ஆமா."

"இருட்டற வரைக்கும்."

"நான்தான் முதல்ல நிறுத்தினேன். பாவமா இருந்துது."

"எதப் பாத்து?"

"உங்களப் பாத்து சார்."

புள்ளியியல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தக் காட்டுல..." என்று தொடங்கினார். அவர் சொல்ல மிச்சமிருந்த எண் பூஜ்ஜியம்தான். சொல்லவில்லை.

கைபேசியில் அந்தப் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விசில் முடிந்துவிட்டது. பூச்சிகள் மட்டும். அவளுக்கு அந்தக் காடு தெரியும். அதன் ஒவ்வொரு ஒலியும் தெரியும். இப்போது அதைக் கேட்க முடியவில்லை. ஒரு பெரிய வீட்டில் எல்லோரும் எப்போதோ வெளியேறிப் போயிருக்க, இரண்டு பேர் இரண்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டுவதாக இருவரும் நம்பியிருக்கிறார்கள்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார் அவர். கோபமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"இருந்து? அங்க போய் யாரத் தேடறது சார்?"

அவர் தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பதிவை நிறுத்தினார்.

"நிதி குடுத்தவங்களுக்கு இன்னிக்கே எழுதணும். திருப்பிக் கேப்பாங்க. கேட்டா குடுத்துடணும். வேலைன்னு ஒண்ணு இல்ல இப்ப. உங்களுக்கும் இல்ல, வேற யாருக்கும் இல்ல. புரியுதா?"

"புரியுது சார்."

"நான் எழுதறதுல உங்க பேரும் வரும்."

"வரட்டும். எந்தெந்த நாள்ல போட்டேன்னு தேதியெல்லாம் அனுப்பறேன்."

கதவு தட்டப்பட்டது. ஒருங்கிணைப்பாளர் தலையை நீட்டினார். ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் காதோடு சேர்த்துப் பிடித்த கைபேசி. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பூட்ஸ் கடைக்காரர் லைன்ல இருக்கார். அட்டை ஏறாத மாதிரி, முட்டி வரைக்கும் வர்றது. உங்க அளவு குடுத்துட்டேன். மேடம், உங்க கால் அளவு என்ன?"

மூவரும் அவரைப் பார்த்தார்கள். சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூட்ஸ் வேண்டாம்மா" என்றார் துறைத் தலைவர்.

"மேடத்துக்கா?"

"ரெண்டு பேருக்கும்."